அக்காவுக்கு எங்கே வைத்தியம் என்று கேட்டது

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்து எதைச் சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் நடுவில் பேச வேண்டும் என்றால் இன்றைக்கும் நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று ஆசை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். எனக்குப் பதினஞ்சு வயது இருக்கும், அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். செஞ்சியில் மாதா கோயிலை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு ஒரு ஜோடி மாடும் வண்டியும் இருந்தன. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த மூட்டைகளை மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் அவர் தொழில். அம்மா கழனி வேலைக்குப் போவாள். அக்காவும் நானும் மண்டிக் கொட்டகையில் மற்ற பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைப்போம். இயந்திரத்தில் போட்டால் பருப்பு அடிபடும் என்று விதைக்கு மட்டும் கையால்தான் உடைக்க வேண்டும்.

அக்காதான் அந்த வட்டத்துக்கே தலைவி மாதிரி. அவள் ஒரு கதையை எடுத்துவிட்டால் மண்டிக்காரர் வந்து அதட்டும் வரைக்கும் சிரிப்பு ஓயாது. நான் அவள் பின்னாலேயே நடப்பேன். கடைக்குப் போனால் வெல்லம் வேண்டும் என்றுகூட அவள்தான் எனக்காகக் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் பேச்சை விட்டாள். ஒரே நாளில் விட்டது இல்லை. முதலில் கதை நின்றது, அப்புறம் சிரிப்பு, அப்புறம் சாப்பாடு. தலை வாரிக்கொள்ள மாட்டாள். ஒரு கை மல்லாட்டையை எடுத்தால் அதை உடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குத் தெரியும், அவள் தூங்குவதே இல்லை. வீட்டில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. யாரையாவது விரும்பினாளா என்று தெருவில் துருவித் துருவிப் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

ஒரு நாள் கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாக்கா பாக்கற?"

"எனக்குள்ள ஒண்ணுமே இல்லடி. காலி தகர டப்பா மாதிரி இருக்குது," என்றாள்.

அதற்கப்புறம் அவளைத் தனியே தண்ணீருக்கு விடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

எங்கள் வயதுப் பெண்களுக்கு எந்த நோவுக்கு எங்கே போவது என்பது தெரியாமல் இல்லை. ஜுரம் என்றால் தர்ம ஆஸ்பத்திரி. மஞ்சள் காமாலைக்குத் தளவானூர்ப் பக்கம் பச்சிலை கொடுப்பவர் இருந்தார். எலும்பு பிசகினால் தொண்டூர் போகிற வழியில் கட்டுப் போடுகிறவர். பல்வலிக்குக்கூட ஆள் சொல்வோம். மனசு இப்படி ஆனால் எங்கே போவது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருப்பதாகக் கேள்வி. அதையும் வைவதற்கும் கேலி செய்வதற்கும்தான் சொல்வார்கள்.

மண்டியில் எங்கள் எதிரே ஒருத்தி உட்காருவாள். கவுண்டர் வீட்டுப் பெண், என் வயதுதான், வாய்த் துடுக்கு. அக்கா கையில் மல்லாட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாடி உங்கக்கா, மல்லாட்டைய வச்சிக்கினு ஜெபமாலை சொல்றாளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்தி உட்டுடு. அங்க பெரிய கேட்டு போட்ட ஆஸ்பத்திரி இருக்குதாம்."

நான் மெதுவாகக் கேட்டேன். "அங்க போனா சரியாவுமா?"

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "ஐய, நான் வெளாட்டுக்குச் சொன்னா... எனக்கு இன்னா தெரியும்? போனவங்க யாராச்சும் திரும்பி வந்து சொன்னாத்தான?" என்றாள். அப்புறம் அன்றைக்கு முழுவதும் அவள் கேலி பேசவில்லை.

வீட்டில் வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் விறகு பொறுக்கப் போன இடத்தில் அக்காவுக்குப் பேய்க் காத்து பட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, நைனா அதையே பிடித்துக்கொண்டார். தெற்கே ஒரு ஊரில் அந்தோணியார் கோயில் உண்டு. அங்கே கொண்டுபோய் விட்டால் தெளிந்துவிடும் என்றார்கள். வரும் செவ்வாய்க்கிழமை போவது என்று முடிவு. ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாள் வரைக்கும் அங்கேயே விட்டுவிட்டு வருவதாக நைனா சொன்னார். அம்மா துணைக்கு இருக்க முடியாது, அது அறுப்புக் காலம்.

அந்தக் கோயிலுக்கு நான் சின்னதில் போயிருக்கிறேன். அந்தோணியாரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அவருக்கு மெழுகுவத்தி கொளுத்துகிறவள்தான். ஆனால் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காலில் சங்கிலி போட்டு உட்கார வைத்திருந்தவர்களைப் பார்த்திருந்தேன். துணைக்கு யாரும் இல்லாதவர்களுக்குச் சங்கிலிதான் துணை. அக்காவை அப்படி நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் யாரிடமாவது கேட்டாக வேண்டும். யாரிடம்?

பாஸ்காவுக்கு முன்னே நாற்பது நாள் தபசு காலம், அது தொடங்குகிற சமயம். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்ய நீளமான வரிசை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலுக்குள் மரத்தொட்டி ஒன்று இருக்கும், அலமாரி மாதிரி. உள்ளே சாமியார் உட்கார்ந்திருப்பார். வெளியே நாம் முட்டி போட்டு, நடுவில் இருக்கிற ஓட்டைப் பலகையில் வாயை வைத்து நம் பாவங்களைச் சொல்ல வேண்டும். அவர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு உலகத்திலேயே பேச முடிந்த இடம் அது ஒன்றுதான்.

முட்டி போட்டேன். பாவத்தைச் சொல்லவில்லை. "சாமி, எங்கக்கா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல," என்று தொடங்கி, தகர டப்பா வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

எங்கள் சாமியார் தெக்கத்திக்காரர், பேச்சு வேறு மாதிரி இருக்கும். "இதுல உன் பாவம் என்னம்மா இருக்கு?" என்றார்.

"பாவம் இல்ல சாமி."

"அப்புறம் ஏன் இங்க வந்து சொல்லுத?"

"வேற எங்க சாமி சொல்றது?"

அவர் பலகைக்குக் கிட்டே நகர்வது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். இதற்கு வைத்தியம் இருக்கிறதாம். மனசுக்கென்றே படித்த டாக்டர் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். எனக்கு அப்படியே எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. "அப்ப நீங்களே எங்க நைனாகிட்ட சொல்லிடுங்க சாமி," என்றேன்.

"அதுதான் முடியாது. தொட்டியில கேட்டத நான் வெளிய ஒரு வார்த்தை பேசக் கூடாது. யாரு சொன்னதுன்னும் காட்டிக்கிடக் கூடாது. நாளைக்குப் பூசை முடிஞ்சு வெளிய வா. இதையே உங்க அப்பா இருக்கும்போது எங்கிட்ட கேளு. நீ கேட்டாத்தான் நான் பேச முடியும்."

"எல்லாரும் இருப்பாங்களே சாமி!"

"இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. வழி தெரிந்துவிட்டது, ஆனால் கேட்கக் கூடாத இடத்தில் கேட்டதால் அது செல்லாமல் போய்விட்டது. பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்ல வேண்டிய அபராத ஜெபம் என்ன என்று கேட்டேன். பாவமே சொல்லாதவளுக்கு அபராதம் எதற்கு என்று அனுப்பிவிட்டார்.

இதற்குள் வரிசையில் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. வாயே திறக்காத பெண் அவ்வளவு நேரம் தொட்டியில் இருந்தால் விடுவார்களா? "இத்தினி நேரம் சொல்றதுக்கு இன்னாடி பண்ண? மண்டியக் கொளுத்திட்டியா?" என்றாள் ஒருத்தி. நான் வீட்டுக்குப் போவதற்குள் பேச்சு போய்விட்டது.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாடி பாவம்? எங்கிட்ட சொல்லு. யாரு கூட பேசன?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு மணி நேரம்? ஒருத்தி புத்தி பேதலிச்சி நிக்கறா, இன்னொருத்தி தொட்டிய உட்டு எழுந்திரிக்க மாட்டேன்றா. நான் யாரப் போயி பாக்கறது?"

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அது அடியை விட மோசமாக இருந்தது.

மறுநாள் பூசையில் எனக்கு ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. முடிந்ததும் ஆம்பிளைகள் புங்கமரத்தடியில் நின்றார்கள், பொம்பளைகள் கோயில் படியில். சாமியார் வெளியே வந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். நைனா முன்னால் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நைனாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார், என்னை அப்போதுதான் பார்ப்பது போல.

நான் வாய் குழறி, "நேத்து சொன்னனே சாமி, அதான்," என்றேன்.

"நேத்தா? நேத்து நான் உன்னைப் பாக்கவே இல்லையே."

படியில் இருந்த பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு கணம் இவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் நகரவில்லை. அடுத்த ஆளிடம் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகக் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். ஓட்டைப் பலகை இல்லை, இருட்டு இல்லை, எல்லாக் கண்ணும் என் மேல். "எங்கக்காவுக்கு ஒடம்புல நோவு இல்ல, மனசுல நோவு. அதுக்கு எங்க வைத்தியம் பாக்கறாங்க சாமி?" என்று கடைசியில் கேட்டேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சின்னப் பொண்ணு சாமி, வெவரம் இல்லாம பேசுது. பெரியவளுக்குக் காத்து பட்டிருக்குது. செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்கு இட்டுனு போறோம்."

"போங்க. நானும் வேண்டிக்கிடுதேன். அதுக்கு முன்னால நாளைக்கு ஒருநாள் புதுச்சேரி போயிட்டு வாங்க. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு டாக்டர் இருக்காரு."

"பைத்தியம்னு பேரு கட்டிட்டா அப்பறம் யாரு சாமி அவளக் கட்டுவான்? அந்தோணியாரே போதும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, இன்றைக்கும் தெரியாது. "நைனா, போன வருஷம் செவலைக்குக் கோமாரி வந்தப்ப நீ அந்தோணியாருக்கு மெழுகுவத்தியும் வச்ச, மாட்டாஸ்பத்திரிக்கும் ஓட்டினு போன. அக்காவுக்கு மட்டும் ஏன் ஒண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

புங்கமரத்தடியில் இருந்த ஒரு பெரியவர் முதலில் சிரித்தார். "வண்டிக்காரா, மாட்டுக்கு ரெண்டு வைத்தியம், மகளுக்கு ஒண்ணா? நல்லாக் கேட்டா பாரு உன் ஊமப் பொண்ணு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. என் காது இரண்டும் நெருப்பாய்ச் சுட்டது.

நைனா இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "பஸ்ஸு எத்தினி மணிக்கு சாமி?" என்றார்.

திங்கட்கிழமை விடிகிற நேரம் புறப்பட்டோம். திண்டிவனத்தில் இறங்கி பஸ் மாறினோம். அக்கா என் கையை விட்டால் நகர மாட்டாள் என்பதால் நானும் போனேன். புதுச்சேரியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடல் தெரியுமா என்று எட்டி எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற ஜன்னலில், "என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்கள். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு நைனா சொன்னார், "வயித்து வலிங்க." ஊரைத் தாண்டி வந்த பிறகும் வெட்கம் அவரோடு பஸ் ஏறி வந்திருந்தது. வயிற்று வலிக்காரர்கள் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. அங்கே இருந்த டாக்டர் அக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "வலிக்குதா? இங்கே? இங்கே?" என்று கேட்க, அக்கா பதிலே பேசவில்லை. மருந்து எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான், மறுநாள் அந்தோணியார் கோயில்.

"வயித்து வலி இல்ல டாக்டரு," என்றேன். ஒரு தடவை வாய் திறந்தவளுக்கு இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. "மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட காட்டணும். எங்க நைனா வெக்கப்பட்டுக்கினு மாத்திச் சொல்லிட்டாரு."

அந்த டாக்டர் நைனாவைப் பார்த்தார். நைனா கூரையைப் பார்த்தார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே எழுந்து வந்து வராந்தாவின் கடைசியில் இருந்த அறையைக் காட்டினார்.

அங்கே இருந்த டாக்டர் வயதானவர். கேட்டு போட்டிருக்குமோ, சங்கிலி இருக்குமோ என்று நான் பயந்ததற்கு, ஒரு மேசையும் பெஞ்சியும் மண் பானையில் தண்ணீரும்தான் இருந்தன. அவர் அக்காவைப் பார்த்து, "விடியற்காலையில ரொம்ப மோசமா இருக்குதா, சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லையா?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

நைனா முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்காவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அறுப்பு போனால் போகட்டும் என்று அம்மா வந்து கூட இருந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அக்கா பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாடி, தொட்டிக்காரி," என்றாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது.

பாஸ்கா முடிந்து அந்தோணியார் கோயிலுக்கும் போனோம். நைனா வேண்டிக்கொண்டதை விட மாட்டார். அக்கா தன் கையால் மெழுகுவத்தி ஏற்றினாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் நைனா விடவில்லை. அதற்கப்புறம் மாத்திரை வாங்க அவரே அக்காவோடு பஸ் ஏறுவார். ஜன்னலில் கேட்டால், "மனசு டாக்டருக்கு," என்று சத்தமாகவே சொல்வாராம்.

மண்டிக்கு அக்கா திரும்பி வந்த நாளில் வட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. மல்லாட்டை உடைகிற சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா, "இன்னாங்கடி, எழவு வூடு மாதிரி உக்காந்துருக்கீங்க? கேளுங்க, எங்க போன, இன்னா பண்ணாங்கன்னு. கேக்கத் துடிக்குதுல்ல?" என்றாள். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். எந்த ஊரில் பஸ் மாறுவது, எந்த ஜன்னலில் சீட்டு, வராந்தாவில் எந்தப் பக்கம் நடப்பது. வயிற்று வலிக் கதையையும் நைனா மாதிரியே நடித்துக் காட்டினாள்.

கூட்டம் கலைகிற நேரம் அந்தக் கவுண்டர் வீட்டுப் பெண் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் அண்ணிக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து ஒரே அழுகையாம், குழந்தையைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். "வூட்ல மந்திரிக்கணும்னு நிக்கறாங்கடி. எங்கண்ணன்கிட்ட நான் எப்டி சொல்றது?" என்றாள்.

"எல்லாரும் இருக்கும்போது கேளு," என்றேன். "தனியா கேட்டா அமுக்கிடுவாங்க."

அவள் கேட்டாள். அந்த அண்ணி போய் வந்தாள். அவளுக்கு அப்புறம் தொண்டூரிலிருந்து மண்டிக்கு வருகிற பெண் ஒருத்தி தனக்காகவே கேட்டாள், வேறு யாருக்கோ என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் மண்டியில் உட்காருகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், எலும்புக்கு வழி சொல்வது போலவே மனசுக்கும் வழி சொல்வாள். படித்தவர்கள் யாரும் வந்து எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. மல்லாட்டை உடைத்துக்கொண்டே நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டோம்.

அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது நைனாவே முதலில் சொல்லிவிட்டார். ஒரு வீட்டார் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அக்கா நன்றாக வாழ்ந்தாள். நடுவில் இரண்டொரு தடவை அந்த நோவு எட்டிப் பார்த்தது. அவளே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், யாரும் சொல்லவில்லை. பேரன் பேத்தி எடுத்து, வயதாகித்தான் போய்ச் சேர்ந்தாள்.

இதில் ஊர், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் என் ஞாபகத்தில் இருக்கிறபடி எழுதியிருக்கிறேன். டாக்டர் பார்த்தது திங்கட்கிழமைதானா, அறை வராந்தாவின் எந்தப் பக்கம், அந்த வருஷம் பாஸ்கா எப்போது வந்தது என்பதெல்லாம் எனக்கு இப்போது கலங்கலாக இருக்கிறது. கேட்டுக்கொள்ள அக்காவும் இல்லை. விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, இன்றைக்கு இந்த நோவுக்குச் செஞ்சியிலேயே பார்க்கிறார்களா, திண்டிவனத்தில் பார்க்கிறார்களா, எந்தக் கிழமை, எந்த வாசல் என்று விசாரித்து, சரியானதை இதற்கடியில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பதினஞ்சு வயதுப் பிள்ளை யாராவது இதை நம்பிக் கிளம்பிப் போய்த் தப்பான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.